14 பேர் லிஸ்ட்

அன்புள்ள சார்,

நீங்க யூதப் புத்தாண்டு பத்தி எழுதினதைப் படிச்சதுலேர்ந்து வாராவாரம் யூத வேதமான தோராவோட பகுதியைப் படிச்சிட்டு வரேன். அந்தப் புத்தாண்டை, ரோஷ் ஹஷானாவை, உலகம் படைக்கப்பட்ட நாள்ங்கறாங்க. ஆனா அன்னிக்கு ஆதியாகமம் முதல் அதிகாரத்தை விட்டுட்டு 21-ஆம் அதிகாரத்தை, ஆபிரகாம் வீட்டு அடிமை ஆகாரைப் பிள்ளையோட துரத்திவிடற கதையை வாசிக்கறாங்களே, ஏன்? புத்தாண்டுக்கு முந்தின எலூல் மாசத்துக்காக ஒரு ஆப் போட்டிருக்கேன். முதல் பயிற்சியா என்னைக் காயப்படுத்தினவங்க லிஸ்ட் எழுதினேன், 14 பேர் வந்தாங்க. இவங்களை மன்னிக்கறதுதானே புத்தாண்டுக்கான தயாரிப்பு?

ஆர்.

அன்புள்ள ஆர்,

ரெண்டு நாளா அந்த 14 பேர்தான் மண்டைக்குள்ள ஓடிட்டிருக்காங்க.

முதல் கேள்விக்குச் சுருக்கமா சொல்லிடறேன். முதல் அதிகாரம் எங்கயும் போயிடல, மூணு வாரம் கழிச்சு, தோராவை முடிச்சுத் திரும்ப ஆரம்பிக்கற சிம்ஹாத் தோரா பண்டிகை அன்னிக்கு வாசிக்கறாங்க. ஆபிரகாமோட மனைவி சாராளுக்குப் பிள்ளை வரம் கிடைச்சது ரோஷ் ஹஷானா அன்னிக்குன்னு யூத மதச்சட்ட நூலான தல்மூத் சொல்லுது, அந்தப் பிள்ளை பிறக்கறதுல ஆரம்பிக்கறது 21-ஆம் அதிகாரம், அதனால அது. ஆப் பத்தி எனக்கு அபிப்பிராயம் இல்ல, வச்சுக்கங்க.

ஆனா ஏம்மா, வாராவாரம் படிக்கறேன்றீங்க, அந்த அதிகாரத்துல அழறது யாருன்னு பார்த்தீங்களா? யூதங்க சொந்தம்னு சொல்ற சாராள் இல்ல, அவளால வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஆகார். துருத்தித் தண்ணி தீர்ந்துபோய், பிள்ளை சாகறதைப் பார்க்கமாட்டேன்னு பெயெர்செபா வனாந்தரத்துல தள்ளிப்போய் உக்காந்து அழறா. துரத்தச் சொன்னது சாராள், யூத ஜனத்துக்கே தாய். வருஷத்தோட முதல் நாள், கோயில் நிறைஞ்ச கூட்டத்துல, எங்க பாட்டி இதைப் பண்ணினான்னு சத்தமா வாசிக்கறாங்க. இதுக்கு முன்னாடி 16-ஆம் அதிகாரத்துலயும் சாராள் அவளைப் படுத்தி எடுத்திருக்கா, 13-ஆம் நூற்றாண்டுல ஸ்பெயின்ல இருந்த யூத அறிஞர் நஹ்மனிடெஸ் அதுக்கு உரை எழுதறப்ப நம்ம தாய் பாவம் செஞ்சா, அதை விட்டுக்கொடுத்த ஆபிரகாமும் செஞ்சாருன்னு மழுப்பாம எழுதறாரு. நம்ம குலதெய்வத்தைப் பத்தி அப்படி ஒரு வரி எழுதிட்டு ஊருக்குள்ள போயிட முடியுமா?

இன்னொண்ணு சொல்றேன். எலூல் முழுக்க, சனிக்கிழமையும் கடைசி நாளும் தவிர, காலையில ஷோஃபார் ஊதறாங்க இல்லையா, ஆட்டுக்கொம்பு. புத்தாண்டு அன்னிக்கு நூறு தடவை. அந்தச் சத்தம் எப்படி இருக்கணும்னு ரப்பிகளுக்குள்ள, அதாவது யூத மதகுருக்களுக்குள்ள, சந்தேகம் வந்துச்சு. அழுகை மாதிரின்னு தெரியும், யாரோட அழுகை? அவங்க போய் எடுத்தது சிசெராவோட அம்மாவை! சிசெரா யாரு, இஸ்ரவேலை அடிக்க வந்த கானானியத் தளபதி, கூடாரத்துல ஆணி அடிச்சுக் கொல்லப்பட்டவன், அவன் அம்மா இன்னும் மகனைக் காணோமேன்னு ஜன்னல்ல நின்னு அழறா. அந்த அழுகை நீளமான பெருமூச்சா, விட்டுவிட்டு வர்ற விசும்பலான்னு தகராறு, கடைசில செசரியா ஊர்ல ரப்பி அபாஹூ ரெண்டையும் ஊதுங்கன்னுட்டாரு. இன்னிக்கும் அப்படித்தான் ஊதறாங்க. எதிரியோட அம்மா அழுதது.

இப்ப உங்க லிஸ்ட்டைப் பாருங்க. 14 பேரும் உங்களை அழவச்சவங்க. நீங்க அழவச்ச ஒருத்தர் பேராவது அதுல இருக்கா? இதுக்குப் பேரு தயாரிப்பா, வசூல் நோட்டு! கோவமா சொல்லல, நானும் அந்த நோட்டோட திரிஞ்சவன்தான்.

நியூ ஜெர்சியில சின்னக் கம்பெனி ஒண்ணுல வேலை பார்த்தேன், முதலாளி கிப்பா, அதான் யூதங்க தலையில வைக்கற சின்னக் குல்லா, போட்ட பெரியவர். எலூல் கடைசி வாரம் என் மேஜைக்கு எதிர்ல வந்து உக்காந்து, மார்ச் மாசம் கிளையன்ட் முன்னாடி உன் தப்புன்னு சொன்னேனே, அது என் தப்பு, மன்னிக்கணும்னாரு. நான் வழக்கம்போல நோ ப்ராப்ளம் சார்னேன். "ப்ராப்ளம் இருக்கு, மன்னிச்சேன் இல்லன்னா மன்னிக்கல, ரெண்டுல ஒண்ணு சொல்லு"ன்னாரு. சிரிச்சு மழுப்பிட்டேன். மறுநாளும் வந்தாரு. மனுஷனுக்கு மனுஷன் செஞ்ச தப்பை, பாவம் தீர்க்கற நாளான யோம் கிப்பூரும் தீர்க்காது, அவனையே போய்ச் சமாதானப்படுத்தணும், மூணு தடவை வரைக்கும் கேக்கணும்னு யூத அறிஞர் மைமோனிடெஸ் எழுதின சட்டம், அது எனக்கு அப்பத் தெரியாது, ஆனா பெரிய மனுஷன் என் முன்னாடி வந்து கெஞ்சறது ருசியா இருந்துச்சு, அது மட்டும் நல்லாத் தெரியும். மூணாவது நாள்தான் மன்னிச்சேன்னு சொன்னேன்.

அந்த மார்ச் மாச ரிப்போர்ட்டுல தப்பு ரெண்டு இருந்துச்சும்மா. ஒண்ணு அவரோடது. இன்னொண்ணு நான் பண்ணினது, யாரும் கண்டுபிடிக்கல. மூணு நாள் அவர் எதிர்ல உக்காந்தும் நான் அதைச் சொல்லல.