கடல் பிரிந்தபோது இறாலும் பிரிந்தது

கேள்வி: ஒரே வகை விலங்கில் சில மட்டும் ஆற்றுக்கோ மலைக்கோ அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால், காலப்போக்கில் வேறு இனமாகிவிடும் என்கிறார்கள். தள்ளி இருந்தாலே இனம் மாறிவிடுமா?

பதில்: தள்ளி இருப்பதால் மட்டும் மாறாது. இடையில் வரும் ஆறோ கடலோ இரண்டு பக்கத்து விலங்குகளும் கூடிக் கலப்பதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தடைதான் முக்கியம். மரபணுவில் சின்னச் சின்ன மாற்றங்கள் எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். கலப்பு நடக்கும்வரை அவை கூட்டம் முழுக்கப் பரவிவிடும். கலப்பு நின்றதும் அந்தந்தப் பக்கத்து மாற்றம் அந்தந்தப் பக்கத்திலேயே சேர்கிறது. அப்புறம் அங்குள்ள இரையும் தட்பவெப்பமும் எது நிலைக்கும், எது அழியும் என்று தீர்மானிக்கின்றன. பிரிந்து போன கூட்டம் சிறியது என்றால் தற்செயலுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், வட, தென் அமெரிக்காக்களை இணைக்கும் குறுகிய நிலப்பகுதியான பனாமா. இன்று பசிபிக்கும் கரீபியன் கடலும் தனித்தனி, ஆனால் சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலம் மெல்ல மெல்ல எழும்பி நடுவில் அடைக்கும்வரை அங்கே தண்ணீர் ஒன்றாகத்தான் இருந்தது. அந்தக் கடலில், கொடுக்கைச் சொடுக்கி வெடிச்சத்தம் எழுப்பும் ஒரு குட்டி இறால் உண்டு. இரு கரையிலும் ஒன்றுபோலவே இருக்கும் இந்த இறால்களை நான்சி நோல்டன் என்ற கடல் உயிரியலாளரும் அவரது குழுவினரும் ஒரே தொட்டியில் ஆணும் பெண்ணுமாக விட்டுப் பார்த்து, முடிவை 1993இல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் அவை ஒன்றையொன்று பார்த்துக் கொடுக்கைச் சொடுக்கிச் சண்டைக்குத்தான் போயின. குஞ்சு பொரித்த ஜோடி மிக மிக அரிது. பார்வைக்கு ஒன்று, உறவுக்கு வேறு! தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்துகொண்டு, மற்றவற்றோடு அப்படிச் செய்யாத கூட்டமே ஓர் இனம் என்று எர்ன்ஸ்ட் மேயர் என்ற பரிணாம உயிரியலாளர் 1942இல் சொன்ன வரையறைக்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் எல்லா இடத்திலும் கோடு இவ்வளவு சுத்தமாக விழுவதில்லை. ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றுக்குத் தெற்கே சிம்பன்சியின் நெருங்கிய உறவான போனோபோ என்ற வாலில்லாக் குரங்கு, வடக்கே சிம்பன்சி. நீந்தத் தெரியாத குரங்குகளுக்கு அந்த ஆறு ஒரு மதில். இன்று உடலமைப்பிலும் குணத்திலும் அவை தனித்தனி இனங்கள்தான், ஆனாலும் மனிதர்கள் சேர்த்து அடைத்து வைத்த இடத்தில் இரண்டும் கூடிக் குட்டி போட்டிருக்கின்றன. அதாவது பிரிந்து பல லட்சம் ஆண்டுகள் ஆகியும் கதவு இன்னும் முழுசாகச் சாத்தப்படவில்லை.