ஒரே சோற்றுக்கு இரண்டு கணக்கு ஏன்?

கேள்வி: உணவுக் கணக்கு வைக்கும் செயலி ஒன்றை இரண்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அதில் அரிசி, சோறு என்று தேடினால் பத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் வருகின்றன. 100 கிராமுக்கு ஒன்றில் 130 கலோரி என்றும், மற்றொன்றில் 360 கலோரி என்றும் இருக்கிறது. எதை நம்புவது? வீட்டில் பல பொருள்களைச் சேர்த்துச் சமைப்பதை எப்படிப் பதிவு செய்வது?

பதில்: நீங்கள் கண்ட இரண்டு எண்களுமே ஏறக்குறையச் சரியானவைதான். 360 என்பது வேகாத அரிசிக்கும், 130 என்பது வெந்த சோற்றுக்கும் உரியது. அரிசி வேகும்போது நீரை உள்வாங்குவதால் எடை கூடுகிறதே தவிர, கலோரி கூடுவதில்லை. ஆகவே தட்டில் இட்ட சோற்றை எடை போட்டுவிட்டு அரிசிக்கான பதிவைத் தேர்ந்தெடுத்தால், கணக்கு ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். இறைச்சியில் நடப்பது இதற்கு நேர்மாறு. நீர் வெளியேறி எடை குறைகிறது. எந்த நிலையில் எடை போட்டீர்களோ, அந்த நிலைக்குரிய பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பல செயலிகளில் உணவு ஆய்வு அட்டவணைகளிலிருந்து எடுத்த விவரங்களோடு, பயனர்கள் தாமே சேர்த்த பதிவுகளும் கலந்திருக்கும். பின்னவற்றில் பிழைகள் மிகுதி என்பதால், சரிபார்க்கப்பட்டது என்ற குறி உள்ள பதிவுக்கே முதலிடம் கொடுங்கள். குறி இல்லாவிட்டால், புரதத்தையும் மாவுச்சத்தையும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பை 9 கலோரி என்று பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். 10 கிராம் புரதம், 20 கிராம் மாவுச்சத்து, 5 கிராம் கொழுப்பு என்றால் 165 கலோரி வரவேண்டும். நார்ச்சத்தினால் சிறிது வேறுபடலாம். ஆனால் அந்தப் பதிவு 90 என்று காட்டினால், தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

வீட்டுச் சமையலுக்கு, பிறர் பதிந்து வைத்த அதே பெயருள்ள உணவை எடுத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர் ஊற்றிய எண்ணெயின் அளவு உங்களுடையதாக இருக்காது. செயலியில் செய்முறை சேர்க்கும் வசதி இருந்தால், பொருள்களைச் சமைப்பதற்கு முன்பே எடை போட்டு அதில் ஏற்றுங்கள். வெறும் பாத்திரத்தின் எடையையும் குறித்துக்கொண்டால், சமைத்து முடித்ததும் பாத்திரத்தோடு எடை போட்டு அதைக் கழித்துவிடலாம். உணவு 1,200 கிராம் இருந்து, நீங்கள் 200 கிராம் உண்டால், மொத்தக் கலோரியில் ஆறில் ஒரு பங்கு உங்களுடையது. எண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள்: ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி உள்ளது, கணக்கில் அடிக்கடி விடுபட்டுப் போவதும் அதுதான்.

பொட்டலத்தின் பார்கோடை ஸ்கேன் செய்யும்போதும், திரையில் வரும் எண்களை லேபிளோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். உற்பத்தியாளர் கலவையை மாற்றியிருந்தால், செயலியில் பழைய விவரமே தங்கியிருக்கக்கூடும்.

சிறுநீரகக் கோளாறு போன்ற காரணங்களுக்காகப் பொட்டாசியத்தையோ பாஸ்பரஸையோ கணக்கிடுபவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. பல பதிவுகளில் இவற்றின் அளவு சேர்க்கப்பட்டே இருக்காது. அந்த வெற்றிடத்தைச் செயலி பூஜ்யமாகக் கூட்டிவிடலாம். அன்றைய மொத்தம் குறைவாகத் தெரிவதை வைத்து எதையும் கூடுதலாக உண்ணாமல், உங்கள் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ அந்தப் பதிவுகளைக் காட்டி அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.