நிரல் ஓடுகிறது, அறிக்கை நகரவில்லை

கேள்வி: இறுதியாண்டுத் திட்டத்துக்கான மென்பொருளை ஒருவழியாக முடித்துவிட்டேன். அறிக்கை எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. நிரல் முழுவதையும் திரைப்பிடிப்புகளையும் சேர்த்துப் பக்கங்களைக் கூட்டும்படி சீனியர்கள் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். சுருக்கமும் முன்னுரையும் அறிக்கையில் முதலில் வந்தாலும், எழுதும்போது கடைசியில் வரவேண்டியவை. அறிக்கை என்ன சொல்கிறது என்பது முடிவாகும் முன் அதைச் சுருக்க எவராலும் இயலாது. வடிவமைப்பு அத்தியாயத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்; அதற்கான விவரங்கள் இன்னும் நினைவில் இருக்கும். பயன்படுத்திய கருவிகளின் புகழைப் பாடுவதுதான் அங்கே பலரும் செய்யும் தவறு. பைத்தானின் சிறப்புகள் யாவை, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக எழுதுவதால் பயனில்லை, ஏனெனில் தேர்வாளர் அவற்றை அறிந்தவர். உங்கள் தரவு எத்தகையது, அதற்கு அட்டவணை முறைத் தரவுத்தளம் ஏன் பொருந்தியது, வேறு எதைப் பரிசீலித்து எந்தக் காரணத்தால் கைவிட்டீர்கள் என்பதையே அவர் தேடுவார். அறிக்கை என்பது செய்த வேலைகளின் நாட்குறிப்பு அன்று. எடுத்த முடிவுகளுக்கான காரணங்களையும் அவை சரியானவை என்பதற்கான சான்றுகளையும் முன்வைக்கும் ஆவணம். அப்படிக் கருதத் தொடங்கினால், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

செயல்முறை அத்தியாயத்தில், ஒரு கட்டத்தை முடித்த பின்னரே அடுத்ததற்குச் செல்லும் வாட்டர்ஃபால் முறையின் படத்தை ஒட்டிவிட்டு அதன்படியே நடந்ததாக எழுதும் வழக்கமும் உண்டு. அந்தப் படிநிலை முறைக்கு மூலமாகக் காட்டப்படும் கணினி அறிவியலாளர் வின்ஸ்டன் ராய்சின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையே, சோதனையைக் கடைசியில் வைத்து ஒரே திசையில் செல்வது ஆபத்தானது, தோல்விக்கு இடம் தருவது என்று எச்சரித்தது என்பதை அப்படம் ஒட்டுவோர் கவனிப்பதில்லை. நீங்கள் உண்மையில் எவ்வாறு வேலை செய்தீர்களோ, அதையே எழுதுங்கள்.

நிரல் முழுவதும் பின்னிணைப்புக்கோ இணைத்துத் தரும் கோப்புக்கோ உரியது. அத்தியாயத்துக்குள் விளக்கம் தேவைப்படும் சில வரிகள் மட்டும் இருந்தால் போதும்.

கேள்வி: வேண்டாத மின்னஞ்சல்களைப் பிரித்தறியும் இயந்திரக் கற்றல் மாதிரியை (மாடல்) உருவாக்கினேன். துல்லியம் 95 சதவீதம் வந்தது. முடிவுகள் அத்தியாயத்தில் இதற்கு மேல் என்ன எழுதுவது?

பதில்: அந்த எண் மட்டும் எதையும் நிறுவாது. உங்களிடம் உள்ள 1,000 அஞ்சல்களில் 950 நல்லவை, 50 வேண்டாதவை என்று வைத்துக்கொள்வோம். எதையும் படித்துப் பாராமல் 'எல்லாமே நல்லவை' என்று சொல்லிவிடும் நிரலுக்கும் 95 சதவீதம் கிடைத்துவிடும். ஆனால் அது ஒரு வேண்டாத அஞ்சலைக்கூடப் பிடித்திருக்காது. ஆகவே, வேண்டாதவை என்று மாதிரி ஒதுக்கியவற்றில் எத்தனை உண்மையிலேயே வேண்டாதவை என்பதைக் காட்டும் பிரிசிஷனையும், உண்மையில் வேண்டாதவையாக இருந்தவற்றில் எத்தனையை அது பிடித்தது என்பதைக் காட்டும் ரீகாலையும் தனித்தனியே தாருங்கள். நல்ல அஞ்சல் ஒதுக்கப்படுவதால் விளையும் இழப்பு பெரிதா, வேண்டாத அஞ்சல் உள்ளே வருவதால் ஏற்படும் தொல்லை பெரிதா என்று விவாதித்து, அதற்கேற்ப எந்த அளவைக்கு முதன்மை கொடுத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். எளிய முறை ஒன்றை அதே தரவில் ஓட்டிப் பெற்ற முடிவையும் பக்கத்தில் வைத்தால்தான் உங்கள் மாதிரியால் விளைந்த பயன் தெரியும்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். ஒரே அஞ்சலின் நகல்கள், மாதிரி கற்றுக்கொள்ளும் பயிற்சித் தரவிலும் அதைச் சோதிக்கும் சோதனைத் தரவிலும் கலந்திருந்தால், மாதிரி முன்பே பார்த்ததைத்தான் திருப்பிச் சொல்கிறது, எண்ணும் உயர்ந்துவிடும். தரவை எந்த விகிதத்தில், எப்படிப் பிரித்தீர்கள், நகல்களை அதற்கு முன்பே நீக்கினீர்களா என்பதெல்லாம் பதிவாகியிருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் அனுபவமுள்ள தேர்வாளர் முதலில் கைவைக்கும் இடம் அது.

கேள்வி: என் இணையச் செயலி எதிர்பார்த்த வேகத்தில் இயங்கவில்லை. அதை எழுதாமல் விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் தரவுத்தளத்துக்குத் தனித்தனி வினவல் (தரவு கேட்கும் கட்டளை) அனுப்பியதே தாமதத்துக்குக் காரணம் என்று அளந்து காட்டி, அவற்றை ஒரே வினவலாக இணைத்தால் என்ன மாறும் என்றும் எழுதினால், குறையே அறிக்கையின் வலுவான பகுதியாகிவிடும். 'நேரமின்மையால் முடியவில்லை' என்ற ஒற்றை வரி மட்டும் எவரையும் நிறைவுசெய்யாது.

கேள்வி: இணையத்தில் கிடைத்த நிரலையும் செயற்கை நுண்ணறிவுக் கருவியின் உதவியையும் பயன்படுத்தியிருக்கிறேன். இது திருட்டாகிவிடுமா?

பதில்: சொல்லாமல் விட்டால் ஆகிவிடும். பிறர் நிரலுக்கு மூலத்தைக் குறிப்பிட்டு, அதன் உரிமம் அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள். கருவிகளைப் பொறுத்தவரை உங்கள் துறையின் விதியே இறுதியானது. அதை வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எப்படியிருந்தாலும், விளக்கத் தெரியாத வரி எதுவும் உங்கள் பெயரில் இருக்கக் கூடாது.

கேள்வி: சமர்ப்பிக்கும் நாளில் கவனிக்க வேண்டியவை யாவை?

பதில்: பொருளடக்கத்தைப் புதுப்பித்த பிறகே பிடிஎஃப் ஆக்குங்கள், இல்லையேல் பக்க எண்கள் பொருந்தா. அக்கோப்பை வேறொரு கணினியில் திறந்து, எழுத்துருக்களும் படங்களும் சிதையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். நிரலை நிறுவி இயக்கும் முறையை எழுதி, அதை மட்டுமே வைத்துக்கொண்டு நண்பர் ஒருவரை இயக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தை ஒப்படைப்பதாக இருந்தால், தரவுத்தளக் கடவுச்சொல்லோ, வெளிச் சேவைகளை அணுகப் பயன்படும் ஏபிஐ சாவியோ அதில் எஞ்சியிருக்கிறதா என்று தேடுங்கள். கோப்பிலிருந்து அழித்தாலும் பழைய கமிட்களில் (முந்தைய பதிவுகளில்) அவை அப்படியே இருக்கும் என்பதால், அழித்ததோடு நில்லாமல், அந்தச் சாவியையே செயலிழக்கச் செய்து புதியதைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.