40 லட்சத்துக்குள்தானே விற்கிறோம்?

கேள்வி: பத்தமடைக் கோரைப்பாய்களை வாங்கி, என் சொந்த இணையதளத்திலும் வாட்ஸ்அப் வழியாகவும் விற்று வருகிறேன். பாக்கெட் கருப்பட்டியும் உண்டு. சென்ற ஆண்டு மொத்த விற்பனை 14 லட்ச ரூபாய். அதில் 9 லட்சம் சிங்கப்பூர், லண்டன், நியூ ஜெர்சி வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது. 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று எங்கள் கணக்கர் சொன்னார். இப்போது கூரியர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி எண் கேட்கிறார்கள். இல்லாவிட்டால் 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்பிவிடலாம் என்கிறார்கள். பதிவு செய்தால் வரி கட்ட வேண்டுமா? அந்தந்த நாடுகளிலும் பதிவு செய்ய வேண்டுமா? லண்டன் கல்யாண ஆர்டர் ஒன்று கையில் நிற்கிறது. – ஒரு வாசகி, சேரன்மகாதேவி

பதில்: முதலில் அந்த 'அன்பளிப்பை' விட்டுவிடுங்கள். காசு வாங்கி விற்ற பாயை அன்பளிப்பு என்று எழுதுவது சுங்கத்துறைக்குப் பொய் சொல்வது. அதைவிட உங்களுக்கு நேரடி நஷ்டம் ஒன்று உண்டு. அன்பளிப்பாகப் போன பார்சல் எந்தக் கணக்கிலும் ஏற்றுமதி ஆகாது. நாளை ஓர் அதிகாரி, "வங்கியில் வந்த இந்த 9 லட்சம் என்ன?" என்று கேட்டால் காட்டுவதற்குக் கையில் ஒரு காகிதம் இருக்காது.

உங்கள் கணக்கர் சொன்னது பாதி சரி. பொருள் மட்டும் விற்பவர்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனால் அது மாநிலத்துக்குள்ளேயே விற்பவருக்கு. வரிக்குரிய சரக்கு எல்லையைத் தாண்டினால் ஜிஎஸ்டி சட்டத்தின் 24-ஆவது பிரிவு குறுக்கே வந்து நிற்கும். அங்கே வரம்பே கிடையாது, ஒரே ஒரு பார்சல் என்றாலும் பதிவு வேண்டும். ஏற்றுமதியையும் மாநிலங்களுக்கு இடையிலான விற்பனையாகவே சட்டம் கருதுகிறது. செங்கோட்டை தாண்டிப் புனலூருக்கு அனுப்பினாலும் சரி, சிங்கப்பூருக்கு அனுப்பினாலும் சரி, கணக்கு ஒன்றுதான்.

கையால் செய்த கைவினைப் பொருள்களை வெளிமாநிலத்துக்கு விற்பவர்களுக்கு 20 லட்சம் வரை ஒரு சலுகை இருப்பது உண்மை. பாய் மட்டும் விற்றால் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். ஏற்றுமதிக்கும் அதை இழுத்துப் போர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன். உங்களுக்கோ அந்த வழியும் இல்லை, கருப்பட்டி கெடுத்துவிட்டது. அது கைவினைப் பொருள் அல்ல. சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் கருப்பட்டிக்கு வரி இல்லை. பெயர் அச்சிட்ட பாக்கெட்டில் போட்டால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி உண்டு.

பொருளுக்குச் சொன்ன இதையெல்லாம் சேவைக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து இணையத்தில் பாட்டோ தமிழோ சொல்லிக்கொடுப்பவர், ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பதிவு செய்ய வேண்டியதில்லை.

இனி, நீங்கள் பயப்படும் விஷயம். பதிவு செய்தால் ஏற்றுமதிக்கு வரி கட்ட வேண்டுமா? வேண்டாம். ஏற்றுமதிக்கு வரி விகிதம் பூஜ்யம். அதற்கு ஜிஎஸ்டி இணையதளத்தில் எல்யுடி எனப்படும் உறுதிமொழிக் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். கட்டணம் இல்லை, பத்து நிமிட வேலை. ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும் என்பதால் பங்குனி பிறந்ததும் அடுத்த ஆண்டுக்கானதைப் போட்டுவிடுங்கள். இதை மறந்துவிட்டு மே மாதம் தலையில் கை வைத்து உட்காருபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பில் போட்ட 3 மாதத்துக்குள் சரக்கு நாட்டை விட்டுப் போயிருக்க வேண்டும் என்பது இதில் உள்ள நிபந்தனை. தமிழ்நாட்டுக்குள் விற்கும் மீதி 5 லட்சத்துக்கு வரி உண்டு. அதை வாங்குபவரிடம் வசூலித்துக் கட்டுவீர்கள்.

பதிவு இல்லாததால் நீங்கள் இழக்கும் பணத்தையும் பாருங்கள். வெளிநாட்டுக் கூரியர் கட்டணத்தில் 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கிறது. மாதம் 40,000 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொண்டால், அதன் மேல் 7,200 ரூபாய் வரியாகவே போகிறது. அட்டைப்பெட்டி வாங்கும்போதும் ஜிஎஸ்டி கட்டுகிறீர்கள். பதிவு பெற்றவர் இந்த உள்ளீட்டு வரியில் ஏற்றுமதிக்கு உரிய பங்கை 2 ஆண்டுக்குள் விண்ணப்பித்துத் திரும்ப வாங்கலாம். கூரியர் பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருந்தால்தான் இது நடக்கும். எண் கிடைத்த அன்றே போய் அங்கே பதிந்துவிடுங்கள்.

சிறு வணிகர்களுக்கான இணக்கத் திட்டத்தில் (காம்போசிஷன்) சேர்ந்து விற்பனையில் 1 சதவீதம் கட்டிவிட்டுப் போகலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். மாநிலத்துக்கு வெளியே பொருள் விற்பவர் அதில் சேர முடியாது.

பதிவுக்கும் அரசுக் கட்டணம் கிடையாது. பான், ஆதார், புகைப்படம், வங்கி விவரம், தொழில் நடக்கும் இடத்துக்கான சான்று, இவ்வளவுதான். நம் பக்கத்தில் விண்ணப்பம் சிக்குவது கடைசிச் சான்றில். வீடு மாமனார் பெயரில் இருக்கும். மின் இணைப்போ, காலமாகி இருபது ஆண்டான அவருடைய அப்பா பெயரில் இருக்கும். அந்த மின் கட்டண ரசீதை இணைத்தால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். பேரூராட்சியில் மாமனார் பெயரில் போட்ட சொத்துவரி ரசீதும், இடத்தைப் பயன்படுத்தச் சம்மதம் தெரிவித்து அவர் கையெழுத்திட்ட கடிதமும் போதும். கிடைக்கும் 15 இலக்க எண் 33 என்று தொடங்கும். அது தமிழ்நாட்டுக்கான எண். அடுத்த பத்தும் உங்கள் பான்.

அதோடு ஐஇசி எனப்படும், வெளிநாட்டு வர்த்தகத் துறை தரும் ஏற்றுமதி-இறக்குமதி எண்ணும் வேண்டும். 500 ரூபாய், இணையத்திலேயே கிடைக்கும். வெளிநாட்டுப் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரட்டும். சிங்கப்பூர்க்காரர் வாங்கிய பாய்க்குச் சென்னையிலிருக்கும் அவர் தம்பி ஜிபேயில் பணம் போட்டால் வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்று கிடைக்காது. கூரியர் கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் அஞ்சல் துறையின் 'தாக் கர் நிர்யாத் கேந்திரா' என்ற ஏற்றுமதி மையங்கள் இருக்கின்றன. அருகில் உள்ளது எது என்று தலைமை அஞ்சலகத்தில் கேளுங்கள்.

எண் வாங்கியபின் விற்பனை இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், இல்லையென்றால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும். உங்கள் அளவுக்குக் காலாண்டுக்கு ஒருமுறை போடும் வசதியைத் தேர்ந்தெடுக்கலாம்.

கடந்துபோன ஆண்டுகளை மறைக்கப் பார்க்க வேண்டாம். பதிவு செய்யாமல் இருந்ததற்கு 10,000 ரூபாய் அல்லது வரித்தொகை, இதில் எது அதிகமோ அதை அபராதமாக விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. நோட்டீஸ் வருமுன் தானாக வந்து பதிவு செய்தவருக்குப் பேச ஒரு நியாயமாவது இருக்கும். பழைய பில், பார்சல் ரசீது, வங்கிக் குறிப்பு எல்லாவற்றையும் ஆண்டுவாரியாகக் கட்டி வையுங்கள்.

வெளிநாட்டுப் பதிவுக்கு வருவோம். சிங்கப்பூர் எளிது. 2023 முதல் 400 சிங்கப்பூர் டாலர் வரையிலான சிறு பார்சலுக்கும் அங்கே ஜிஎஸ்டி உண்டு என்றாலும், உலக விற்பனை 10 லட்சம் சிங்கப்பூர் டாலரையும் அந்நாட்டு நுகர்வோருக்கு விற்றது ஒரு லட்சத்தையும் தாண்டினால்தான் விற்பவர் அங்கே பதிய வேண்டும். நீங்கள் அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான விற்பனை வரி இல்லை. மாநிலம்தோறும் ஒரு சட்டம். 2018-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பிறகு, வெளியிலிருந்து விற்பவரையும் மாநிலங்கள் பதியச் சொல்லலாம். நியூ ஜெர்சியில் அந்த மாநிலத்துக்குள் மட்டும் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் விற்பனை அல்லது 200 பரிவர்த்தனை என்பது எல்லை. தொகை உங்களைத் தொடாது. பார்சல்களின் எண்ணிக்கையை மட்டும் குறித்து வாருங்கள். சுங்கத் தீர்வை வேறு. 800 டாலர் வரை தீர்வையில்லாமல் போய்க்கொண்டிருந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29-உடன் போய்விட்டது. தீர்வையை யார் கட்டுவது என்று ஆர்டர் எடுக்கும்போதே பேசிவிடுங்கள்.

சிக்கலானது லண்டன்தான். 2021 ஜனவரி 1 முதல், 135 பவுண்டு வரையிலான சரக்கைச் சொந்த இணையதளத்தில் அங்குள்ள நுகர்வோருக்கு விற்றால், விற்பவரே பிரிட்டனில் பதிந்து 20 சதவீத மதிப்புக் கூட்டு வரியை வசூலித்துக் கட்ட வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளருக்கு வரம்பும் கிடையாது. நாலு பாய்க்காக அங்கே ரிட்டர்ன் போடுவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சின்னப் பாய்களை எட்ஸி, அமேசான் போன்ற சந்தைத் தளங்கள் வழியாக மட்டும் லண்டனுக்கு விற்றால் அந்த வரி அவர்கள் பொறுப்பு. கமிஷன் போனாலும் அதுவே லாபம்.

அந்தக் கல்யாண ஆர்டர், மணமக்கள் பெயர் நெய்த பட்டுப்பாய் என்றால் அனுப்பும் செலவு நீங்கலாகவே 135 பவுண்டைத் தாண்டலாம். அப்படியானால் வரியும், தீர்வை இருந்தால் அதுவும், பார்சல் பிரிட்டனுக்குள் நுழையும்போது வாங்குபவரிடம் வசூலிக்கப்படும், நீங்கள் அங்கே பதிய வேண்டியதில்லை. பாய் நெய்து முடிவதற்குள் ஜிஎஸ்டிக்கும் ஐஇசிக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். வாசலில் கூரியர்காரர் பணம் கேட்பார் என்று கல்யாண வீட்டுக்கும் இப்போதே ஒரு வரி எழுதிவிடுங்கள்.