எந்தத் தொப்பி நல்லது?

கேள்வி: கிரேக்கக் கவி ஹோமர் பாடிய ட்ராய் நகரைத் தோண்டியெடுத்த ஹைன்ரிக் ஷ்லீமன் ஒரு வியாபாரி. பட்டம் கிட்டம் எதுவும் கிடையாது. ஹோமரை மட்டுமே நம்பி, சொந்தக் காசைக் கொட்டி ஜெயித்தார். அது பொறுக்காமல்தானே படித்த நிபுணர்கள் இன்றைக்கும் அவரைக் கரித்துக்கொட்டுகிறார்கள்?

பதில்: 1869-இல் ஜெர்மனியின் ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார் ஐயா! பட்டம் இல்லாதவர் ஃபிராங்க் கால்வெர்ட். அவரை எந்த நிபுணரும் திட்டுவதில்லை. (நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதுதான் ஷ்லீமனின் சாமர்த்தியம்.)

கால்வெர்ட் குடும்பத்துக்குத் துருக்கியின் டார்டனெல்ஸ் ஜலசந்திக் கரையில் தூதரக உத்தியோகம். வேலை போக மீதி நேரத்தில் ஃபிராங்க் சுற்றுவட்டாரத்து மேடுகளைத் தோண்டுவார், கிடைத்ததைச் சேர்த்துவைப்பார். அவற்றில் ஹிசார்லிக் என்ற மேட்டில் ஒரு பகுதி அவர்களுக்கே சொந்தம். ட்ராய் அங்கேதான் என்று நம்பி 1863-இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் உதவியைக் கேட்டார், கிடைக்கவில்லை. 1865-இல் தானே கொஞ்சம் தோண்டினார். மேலே தோண்டக் காசில்லை.

1868-இல் வந்தார் ஷ்லீமன். அவுரி வியாபாரத்தில் கொழுத்த பணக்காரர். அவர் முதலில் தோண்டியது புனார்பாஷி என்ற வேறு இடம். ஒன்றும் அகப்படவில்லை. கப்பலைத் தவறவிட்டு நின்றவரிடம் ஹிசார்லிக்கைப் பற்றி எடுத்துச் சொன்னவர் கால்வெர்ட். அப்புறம் ஷ்லீமன் அவருக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள்: எந்த மாதம் வரலாம்? எத்தனை ஆள் வேண்டும்? கூடாரம், இரும்புக் கட்டில், தலையணை கொண்டுவர வேண்டுமா? வெயிலுக்கு எந்தத் தொப்பி நல்லது? ஹோமரை மட்டும் நம்பிப் புறப்பட்டவர் கேட்கிற கேள்வியா இது?

சரி, தோண்டினாரே, எப்படி? ட்ராய் அடியாழத்தில்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, மேட்டைக் குறுக்கே பிளந்தார். வழியில் வந்த சுவரையெல்லாம் பெயர்த்து வீசினார். ட்ராய் போர்க் காலத்துக் கட்டடங்களும் அதில் போயின. ஷ்லீமன் தோண்டியெடுத்ததில் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தின் தடயமே காணவில்லையே, போர் நடந்ததாகச் சொல்லும் காலமும் அதில்தானே வருகிறது என்று 1873 பிப்ரவரியில் பத்திரிகையில் எழுதியவர் கால்வெர்ட். அவரைத் துரோகி என்று திட்டித் தீர்த்தார் ஷ்லீமன். கால்வெர்ட் சொன்னது சரி என்பது பின்னால் தெரிந்தது.

அதே ஆண்டு மே மாதம் தங்கம் கிடைத்தது. ஹோமர் பாடிய ட்ராய் மன்னன் பெயரால் 'பிரியாமின் புதையல்' என்று பெயர் வைத்தார். அது ஹோமரின் பிரியாமுக்கு ஆயிரம் வருஷம் மூத்தது! அன்று அந்த மண்ணை ஆண்ட ஒட்டோமான் (துருக்கி) அரசுக்குத் தெரியாமல் அதை ஏதென்ஸுக்குக் கடத்தி, வழக்கு வந்து, 50,000 ஃபிராங்க் கொடுத்து முடித்துக்கொண்டார்.

கூலியாட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு அவர் கத்தியால் சுரண்டிச் சுரண்டி எடுக்க, மனைவி சோஃபியா சால்வையில் முடிந்து எடுத்துப்போனதாக உருக்கமாக எழுதினார் அல்லவா? சோஃபியா அப்போது ஏதென்ஸில் இருந்தார். பின்னாளில் கடிதத்தில் ஒப்புக்கொண்டவரும் ஷ்லீமன்தான்.