ஐம்பதைத் தாண்டியபின் எந்தப் பயிற்சியில் சேரலாம்?

கேள்வி: வயது 53. ஸ்டோர்ஸில் 27 வருட அனுபவம். கம்பெனியை மூடியதில் வேலை போய்விட்டது. மறுபயிற்சித் திட்டத்தில் 10 மாத சாஃப்ட்வேர் கோர்ஸும் 8 வார சரக்கு இருப்பு கோர்ஸும் இருக்கின்றன. எதில் சேரலாம்?

பதில்: எட்டு வார கோர்ஸில் சேருங்கள். சரக்கு வரவு, இருப்பு, பழையதை முதலில் வெளியே அனுப்பும் முறை எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. பார்கோடு ஸ்கேனரும் ஸ்டாக் மென்பொருளும்தான் பாக்கி. சாஃப்ட்வேர் பக்கம் போனால் இருபத்திரண்டு வயதுக்காரர்களோடு ஒரே வரிசையில், அனுபவம் பூஜ்யம் என்று நிற்க வேண்டியிருக்கும். தவிர, வகுப்பில் உட்காரும் மாதங்களில் வேலை தேடுவது தானாகக் குறைந்துவிடும். பல நாடுகளின் வேலைவாய்ப்புத் திட்டங்களைப் பற்றிய 200க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. சராசரிப் பலன் தொடக்கத்தில் ஏறக்குறைய பூஜ்யம், திட்டம் முடிந்து இரண்டு மூன்று வருடம் கழித்தே தெரிகிறது என்கிறது அது. ஐம்பத்து மூன்றில் அவ்வளவு காத்திருக்க முடியுமா?

சேரும் முன் ஒரு சோதனை. நீங்கள் போகத் தயாரான வேலைகளின் விளம்பரம் 20 எடுங்கள். அவை கேட்கும் மென்பொருள், சான்றிதழ், உரிமம் எல்லாவற்றையும் கோடிட்டு எண்ணுங்கள். ஏழெட்டு விளம்பரங்களில் வருவது பாடத்திட்டத்தில் இல்லையென்றால் வேறு மையம் பாருங்கள்.

'90 சதவீதம் பேருக்கு வேலை' என்றால், எத்தனை பேரில் என்று கேளுங்கள். 40 பேர் சேர்ந்து, 20 பேர் முடித்து, 18 பேருக்கு வேலை கிடைத்தாலும் அது 90தான். சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் 45. அதிலும் 45 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், ஆறு மாதம் கழித்தும் வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பல மையங்கள் மழுப்பும்.

கேள்வி: எக்செல் வகுப்பில் பொருள் எண் 00457 என்று அடித்தால் 457 ஆகிவிடுகிறது. மற்றவர்கள் வேகமாக முடிக்கிறார்கள். இந்த வயதில் இனி ஏறாதோ?

பதில்: ஏறும். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னாலுள்ள பூஜ்யங்களைத் தள்ளிவிடுகிறது. யார் அடித்தாலும் அப்படித்தான். அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, ஹோம் பகுதியில் 'ஜெனரல்' என்றிருப்பதை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிய பிறகு அடியுங்கள். அடித்தபின் மாற்றினால் போன பூஜ்யம் திரும்பாது, மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

வயது கூடினால் புதியதைப் பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும் என்பது உண்மை. அன்றைய பாடத்தை அன்றே, குறிப்பைப் பார்க்காமல், அரை மணி நேரம் செய்து பாருங்கள். ஞாயிறு மூன்று மணி நேரம் மொத்தமாக உட்காருவதைவிட இது நன்றாக நிற்கும். பயிற்சியாளர் மவுஸை வாங்கித் தானே செய்து காட்ட வந்தால், "சொல்லுங்க, நானே செய்யறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பயோடேட்டாவில் 27 வருடத்தையும் எழுதவா?

பதில்: வேண்டாம், கடைசி 10, 15 வருடம் போதும். புதிய கோர்ஸை மேலே போடுங்கள். 'பயிற்சி பெற்றேன்' என்று நிறுத்தாமல், எத்தனை பொருள்களுக்கு எந்த மென்பொருளில் இருப்புப் பட்டியல் போட்டீர்கள் என்று எழுதி, அந்தப் பட்டியலில் ஒரு பக்கத்தை அச்செடுத்து நேர்காணலுக்குக் கொண்டுபோங்கள்.