சுவரைத் தாண்டுவதில்லை, வாசலில் நுழைகிறது: அமெரிக்க–மெக்சிகோ எல்லை பற்றிக் கேள்வி பதில்

நந்தினி: ஐயா, எல்லையில் அவ்வளவு சுவர் கட்டியும் அமெரிக்காவுக்குள் போதைப்பொருள் எப்படிப் போகிறது?

பதில்: வாசல் வழியாகத்தான், அம்மா. எல்லையின் நீளம் ஏறத்தாழ 3,145 கிலோமீட்டர். பாலைவனத்தில் மூட்டை சுமந்து நடப்பவர்தான் நம் மனக்கண்ணில் வருகிறார். ஆனால் பிடிபடும் ஃபென்டானில் என்ற வீரியமிக்க செயற்கைப் போதைப்பொருளில் மிகப் பெரும் பங்கு, மெக்சிகோவின் திஹுவானா நகரை ஒட்டிய சான் இசிட்ரோ போன்ற முறையான சாவடிகளில்தான் சிக்குகிறது. கார்க் கதவுக்குள்ளும் பெட்ரோல் தொட்டிக்குள்ளும் ஒளித்துக் கொண்டுவருகிறார்கள். இந்த வழக்குகளில் தண்டனை பெறுவோரில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். எல்லா வண்டியையும் சோதிக்கலாமே என்றால், 1969 செப்டம்பரில் அதிபர் நிக்சன் அரசு வண்டி வண்டியாகச் சோதித்துப் பார்த்தது. வாகனங்கள் மணிக்கணக்கில் தேங்கின, இரு பக்கமும் வியாபாரம் படுத்தது, மூன்றே வாரத்தில் கைவிட்டார்கள்.

பீட்டர்: சுரங்கப்பாதைகள் உண்மையா?

பதில்: உண்மை. 1990இல் அரிசோனாவின் டக்ளஸ் ஊரில் ஒன்று பிடிபட்டது. மறுமுனை மெக்சிகோவின் அகுவா பிரியேத்தாவில், ஒரு வீட்டு பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில். வெளியே தண்ணீர்க் குழாயைத் திருகினால் மேசை தரையோடு மேலே எழும்பும்.

முருகானந்தம்: தடையை நீக்கினால் கடத்தலே ஒழியும் என்கிறார்களே?

பதில்: கஞ்சா விஷயத்தில் அதில் பாதி உண்மை. 2012இல் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் கஞ்சாவை அனுமதித்தன, பிறகு மற்ற மாநிலங்களும். எல்லையில் பிடிபடும் கஞ்சா வெகுவாகக் குறைந்தது. ஆனால் கும்பல்கள் கடையைக் கட்டவில்லை, சரக்கை மாற்றிக்கொண்டன. காவல் இறுக இறுக, சிறியதும் வீரியமானதுமே கடத்துபவனுக்குக் கட்டுப்படியாகும். 1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு இருந்தபோதும் பீப்பாய் பீப்பாயாக பீர் கடத்துவதைவிட விஸ்கி கடத்துவதே லாபமாக இருந்தது. ஃபென்டானில் ஹெராயினைவிடச் சுமார் 50 மடங்கு வீரியம். பென்சில் முனையில் ஒட்டும் 2 மில்லிகிராம் ஓர் உயிரைப் பறிக்கக்கூடும். அப்படியென்றால் ஒரு சர்க்கரைப் பொட்டலம் அளவு, அதாவது ஒரு கிலோ, 5 லட்சம் பேருக்குப் போதும். எந்தச் சுவர் இதைத் தடுக்கும்? 2022இல் மட்டும் அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அளவு மீறிய போதையால் இறந்தார்கள். இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

செல்வி: அப்படியானால் எல்லாவற்றையும் அனுமதித்துவிடலாமா?

பதில்: கூடாது என்பதே என் கருத்து. ஓரிகன் மாநிலம் 2020 வாக்கெடுப்பில், சிறு அளவு வைத்திருப்போருக்குச் சிறை வேண்டாம் என்று முடிவெடுத்தது. சிகிச்சை மையங்கள் தயாராகும் முன்பே தண்டனை போய்விட்டது. 2024 செப்டம்பரில் மீண்டும் குற்றமாக்கினார்கள். போர்ச்சுகலும் 2001இல் சிறையை நீக்கியது. ஆனால் பிடிபட்டவரை உட்காரவைத்துப் பேசக் குழுக்களை அமைத்தது, சிகிச்சைக்குப் பணமும் ஒதுக்கியது. விற்பவனைப் பிடியுங்கள், அடிமையானவருக்கு மருத்துவமனைக் கட்டிலைக் கொடுங்கள்.

கவிதா: என் தம்பி அங்கே படிக்கப் போகிறான். என்ன சொல்லி அனுப்ப?

பதில்: மருந்துக்கடையைத் தவிர யார் கொடுத்தாலும், அறைத் தோழனே கொடுத்தாலும், ஒரு மாத்திரைகூட வாயில் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். அசல் மாத்திரை போலவே அச்சடித்த போலிகளில் ஃபென்டானில் இருக்கிறது. அந்தப் போதையை முறிக்கும் நலோக்சோன் என்ற மருந்தின் மூக்கு ஸ்பிரே 2023 முதல் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. ஒன்று வாங்கிப் பையில் வைத்திருக்கட்டும். யாராவது மூச்சு அடங்கி, உதடு நீலம் பாரித்துக் கிடந்தால், உடனே அங்குள்ள அவசர உதவி எண் 911ஐ அழைத்துவிட்டு மூக்கில் அடிக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருக்கவும் சொல்லுங்கள்.